மெஷினுக்கு ஒரு காது

நண்டுமுந்தல் குடிநீர் ஆலையில் பச்சை அட்டை போட்ட ரிஜிஸ்டர் ஒன்று உண்டு. ஆலையின் கம்ப்யூட்டரில் எந்தப் பாகத்தை மாற்றினாலும் அதில் எழுதியாக வேண்டும். என்ன பாகம், எந்தத் தேதி, எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் தாங்கும் என்று நாலு கட்டம். ரிப்பேர் பார்க்கிற இருளாயி இதில் கெட்டிக்காரி. ஒரு கட்டத்தையும் காலியாக விடமாட்டாள். "காற்றாடி: டீக்கடை மிக்சி மோட்டார்." "பொத்தான்கள்: உடைந்த பஸ் டிக்கெட் மெஷின்." "மூடி: கல்யாண மண்டபத்து இட்லிக் கொப்பரை." எல்லாம் பளிச்சென்று எழுதியிருக்கும்.

ஒன்றரை வருசத்துக்கு முந்தைய ஒரு வரி மட்டும் வேறு மாதிரி. "காது: கிடைத்தது."

எங்கே கிடைத்தது? யார் கொடுத்தது? ரோட்டில் கிடக்கிற சாமானா அது? இந்த ஒரு வார்த்தையை ஷிப்ட் சூப்பர்வைசர் சேவுகன் ஒன்றரை வருசமாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சேவுகனுக்குச் சந்தேகம் பிறவிக் குணம். முட்டை வாங்கினால் ஒவ்வொன்றாகக் காதோரம் ஆட்டிப் பார்ப்பான். பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நாலாவது தரமும் இழுப்பான். "எங்க கல்யாணத்தப்ப தாலி கட்டிட்டு முடிச்சை இழுத்துப் பாத்த ஒரே மாப்பிள்ளை இவுகதான்" என்று அவன் மனைவி முத்துராக்கு ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

ஆனால் இந்தச் சந்தேகத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. வெளிநாட்டுச் சிப்புகள் கடைசியாக வந்து பதினோரு வருசம் ஆயிற்று. அவற்றைச் செய்த தேசங்கள் சண்டை போட்டன. சண்டை ஓய்ந்தது, தொழிற்சாலைகள் மிஞ்சவில்லை. அன்றிலிருந்து ஊரில் எந்த மெஷின் ஓடினாலும் இன்னொரு மெஷின் செத்ததால்தான் ஓடியது. முப்பது வருசத்துக் கிழட்டுக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கடல்நீரிலிருந்து எண்ணாயிரம் பேருக்குக் குடிதண்ணீர் பிரித்துக்கொண்டிருந்தது நண்டுமுந்தல் ஆலை. மிக்சியும் இட்லிக் கொப்பரையும் கிடைத்துவிடும். காது எப்படிக் கிடைக்கும்?

"மெஷினுக்கு எதுக்குங்க காது?" என்று முத்துராக்கு ஒருநாள் கேட்டாள்.

"உப்பை வடிக்கிற மெம்பரேன் இருக்குல்ல, சவ்வு மாதிரி? அது கிழியறதுக்கு முன்னாடி குழாய்க்குள்ள ஒரு சின்னச் சத்தம் வரும். உடனே அழுத்தத்தைக் குறைச்சாத் தப்பிச்சுக்கும். இல்லைன்னா கடல்தண்ணி அப்படியே தொட்டிக்குள்ள வந்துரும். நாலு பம்ப் போடுற கூச்சல்ல அந்தச் சத்தத்தைத் தனியாப் பிரிச்சுக் கேக்குற சிப்தான் காது."

"நம்ம பாப்பா காது மெஷின் மாதிரியா? சந்தை இரைச்சல்ல என் குரலை மட்டும் பிரிச்சுக் குடுக்குதே."

சேவுகன் மனசில் ஒரு பல்லி விழுந்தது.

அவர்களின் மகள் வெயினிக்கு ஏழு வயசு. பிறவியிலேயே காது கேட்காது. அரசாங்கத்தின் இலவசத் திட்டத்தில் வலது காதுக்குப் பின்னால் ஒரு கருவி மாட்டிவிட்டிருந்தார்கள். பழைய சரக்கு தீர்ந்ததும் திட்டம் நின்றுபோனது. மாவட்டத்திலேயே கடைசியாக வாங்கிய பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. முதன்முதலில் அதை மாட்டிய அன்று அவள் கேட்டது அம்மாவின் குரல் இல்லை, காக்கா கத்தியது. இப்போதும் காக்காவைப் பார்த்தால் சோறு வைக்காமல் வரமாட்டாள்.

அடுத்த வாரம் பம்ப் ஆபரேட்டர் ஜபருல்லா டீ குடிக்கிற இடத்தில் ஒரு சேதி கொண்டுவந்தான். பக்கத்து ஊர்த் தேர்க் கூட்டத்தில் ஒரு பையனின் காதுக் கருவியை யாரோ பறித்துக்கொண்டு ஓடிவிட்டார்களாம்.

"எதுக்குடா அதைப் பறிக்கிறான்? வித்தா என்ன கிடைக்கும்?" என்று கேட்டான் சேவுகன்.

"விக்கவா? அண்ணே, அதுக்குள்ள இருக்கிற சிப்பும் நம்ம மெஷின் காதும் ஒரே கம்பெனி, ஒரே சாதி. தெரியாதா உங்களுக்கு? இருளாயி அக்காவே ஒருக்காச் சொல்லிருக்கு."

சேவுகன் டீ டம்ளரை அப்படியே கீழே வைத்தான்.

அதற்குப் பிறகு இருளாயி என்ன செய்தாலும் அவனுக்குக் களவாகவே தெரிந்தது. அவளுக்கு முப்பத்துநாலு வயசு. கல்யாணம் ஆகவில்லை, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தாள். எதற்கு எந்நேரமும் தலைமுடியைக் காதை மறைத்துப் பின்னிக்கொள்கிறாள்? எதற்கு எங்கே உட்கார்ந்தாலும் வாசலைப் பார்த்தே உட்காருகிறாள்? எதிரில் நின்று பேசினால் கண்ணைப் பார்க்காமல் ஏன் வாயையே பார்க்கிறாள்? வேலை இல்லாத நேரத்தில் குழாயில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்கிறாளே, அங்கே என்ன இருக்கிறது? போன மாசத்திலிருந்து தெருவில் "இருளாயி" என்று கூப்பிட்டால்கூடத் திரும்பாமல் போகிறாள். குற்றமுள்ள நெஞ்சு இல்லாவிட்டால் மனுசி ஏன் இப்படி நடக்க வேண்டும்?

ஆலைக்குள்ளே அவளிடம் யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அங்கே குரலுக்கு வேலையே கிடையாது. நாலு பம்ப்பும் ஓடினால் பக்கத்தில் வெடி வைத்தாலும் கேட்காது. எல்லாரும் காதை அடைத்துக்கொண்டு, வாயை அகலமாக அசைத்து, விரலைக் காட்டித்தான் பேசுவார்கள். ஒரு விரல் ஒன்றாம் பம்ப், கை கவிழ்ந்தால் அழுத்தத்தைக் குறை, நிமிர்ந்தால் கூட்டு. வேலைக்குச் சேர்ந்த பத்தாம் நாள் எல்லாருக்கும் இது பழகிவிடும்.

போன மாசம் நடந்ததைத்தான் சேவுகனால் மறக்க முடியவில்லை. கருவியைச் சுத்தம் செய்து கொடுக்கிறேன் என்று இருளாயி வீட்டுக்கு வந்தாள். ஊரில் அதைத் தொடத் தெரிந்தவளும் அவள் ஒருத்திதான். வெயினியை மடியில் உட்காரவைத்து, அவளுக்குப் பின்னால் ஒரு கரண்டியைத் தட்டச் சொன்னாள். பிள்ளை திரும்பவில்லை. இன்னொரு தரம், பலமாக. அப்புறம்தான் திரும்பியது.

"பாப்பா இதை எப்பக் கழட்டும்? கழட்டி எங்க வைக்கும்?" என்று இருளாயி கேட்டாள்.

"அது எதுக்கு உனக்கு?" என்றான் சேவுகன் வெடுக்கென்று.

"ஈரம் படாம வைக்கணும்ணே. ரெண்டு நாள் என்கிட்ட இருக்கட்டும், கொண்டாந்து தர்றேன்."

அவள் கருவியை ஒரு சின்ன டப்பாவில் வைத்து மூடியபோது அதைப் பிடுங்கிவிடலாமா என்று சேவுகன் பார்த்தான். ஆனாலும் அவன் விவரமான ஆள். அவள் வரப்போவது தெரிந்து, முதல் நாளே கருவியைத் திறந்து உள்ளே பார்த்து வைத்திருந்தான். காது கேளாதோர் பள்ளி விடுதிகளில் பிள்ளைகளுக்குள் மாறிப் போகாமல் இருக்க, திட்டத்துச் சிப்புகளில் எல்லாம் ஒரு சின்னத் தகடு ஒட்டியிருப்பார்கள். பிள்ளையின் பெயர், வயசு, எந்தக் காது என்று அதில் பொறித்திருக்கும். "இளவெயினி, 3, வலது." அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மூடினான்.

ரெண்டு நாள் கழித்துக் கருவி திரும்பி வந்தது. வெயினி அதை மாட்டிக்கொண்டு வீடு முழுக்க ஓடினாள். "அப்பா, மாவு பொங்குற சத்தம் கேக்குது! அம்மா மூக்கு உறிஞ்சுறது கேக்குது!" என்று ஒரே கும்மாளம். முத்துராக்கு, "இருளாயி கைக்குத் தங்கக் காப்பு போடணும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாசலில் நின்ற இருளாயி பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேவுகன் "உள்ள வா" என்று ஒப்புக்குக் கூப்பிட்டான். அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் படி இறங்கிப் போய்விட்டாள். திமிரைப் பார்!

பிள்ளை குளிக்கப் போன நேரத்தில் சேவுகன் கருவியைத் திறந்தான். உள்ளே வேறு சிப். தகட்டில் எழுத்து இருந்த இடத்தை ஊசியால் சுரண்டி அழித்திருந்தது.

மாற்றிவிட்டாள். நல்லதை உருவிக்கொண்டு, எந்தப் பிள்ளையிடம் பறித்ததோ, அதைச் செருகிவிட்டாள். இப்போது கேட்கிறது சரி, நாளைக்குச் செத்துப்போனால்? எம் பிள்ளை மறுபடியும் ஊமைச் சினிமா பார்க்கிற மாதிரி வாழணுமா?

முத்துராக்கிடம் சொன்னான். "பாப்பாவுக்கு முன்னைவிட நல்லாக் கேக்குது. களவாணி எவளாவது நல்லதை வச்சுட்டுப் போவாளா? உங்க புத்தியைச் செருப்பால அடிக்கணும்" என்று அவள் எழுந்து போய்விட்டாள். அவனுக்கு மனசு ஆறவில்லை. தன் பிள்ளையின் சிப் மெஷினுக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். தகட்டில் பெயர் இருக்குமே, அது ஒன்று போதும், போலீசைக் கூட்டி வந்துவிடலாம்.

கம்ப்யூட்டரை இருளாயி தவிர யாரும் திறக்கக்கூடாது என்பது ஆலையின் விதி. அந்த விதியை ஊரே கூடிப் போட்டது. சேவுகன் அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன். சனிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு மெம்பரேன்களைக் கழுவுவதற்காக ஒரு மணி நேரம் நாலு பம்ப்பையும் நிறுத்துவார்கள். ஜபருல்லா டீ குடிக்கப் போனான். இருளாயி சாப்பாடு எடுத்துவரப் போனாள். சேவுகன் இட்லிக் கொப்பரை மூடியைக் கழற்றினான்.

உள்ளே மிக்சி மோட்டார் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சீரியல் செட் வயர்கள், சைக்கிள் டியூப் வளையங்கள், நகப்பூச்சு தடவிய இணைப்புகள். ஒவ்வொன்றையும் அவள் துணியால் துடைத்து வைத்திருந்தாள், ஒரு தூசி இல்லை. நடுவில் காது. டார்ச் அடித்தான், தகடு அடிப்பக்கமாக இருந்தது. கரண்டை அணைக்காமல், ரெண்டு விரலால் பிடித்து இழுத்தான். உப்புக் காற்றில் இற்றுப்போயிருந்த சிப் 'டிக்'கென்று கையோடு வந்தது. அதன் கால்களில் மூன்று, உள்ளேயே நின்றுவிட்டன. சின்னதாக ஒரு பொறி பறந்து, கருகிய வாடை வந்தது.

ஐயோ என்று மனசுக்குள் அலறிக்கொண்டே தகட்டைத் திருப்பினான். நாள்பட்ட எழுத்து, ஆனாலும் தெளிவாக இருந்தது.

"இருளாயி, 4, இடது."

அவன் அதை இன்னொரு தரம் படித்தான். இருளாயியா? அவளுக்கு எதற்குத் திட்டத்துச் சிப்? அவளுக்குத்தான் காது நன்றாக...

பக்கவாட்டுக் கதவு திறந்தது. இருளாயி தூக்குச்சட்டியோடு உள்ளே வந்து, அவனுக்கு முதுகைக் காட்டி மேஜை பக்கம் போனாள். பம்ப் ஓடாத அந்த ஒரு மணி நேரத்தில் ஆலைக்குள் ஊசி விழுந்தால் கேட்கும்.

"இருளாயி."

அவள் தூக்குச்சட்டியைத் திறந்தாள்.

"இருளாயி!"

தண்ணீர் டம்ளரைக் கழுவினாள். சேவுகன் கம்பி ஒன்றை எடுத்துத் தரையில் ஓங்கி எறிந்தான். அந்தச் சத்தம் சுவரெல்லாம் மோதித் திரும்பியது. அவள் திரும்பவில்லை. பின்னலுக்கு அடியில், கருவி மாட்டியிருந்த தடம் காதுக்குப் பின்னால் வெளுத்துத் தெரிந்தது. இடதிலும் ஒன்று, வலதிலும் ஒன்று.

மகளின் கருவிக்குள் சுரண்டி அழித்திருந்த தகடு சேவுகனுக்கு நினைவு வந்தது. "இருளாயி, 4, வலது" என்றுதானே இருந்திருக்கும் அதில்.

அவன் மேஜையைச் சுற்றிக்கொண்டு போய் அவள் எதிரில் நின்றான். கையைத் திறந்து ஒடிந்த சிப்பைக் காட்டினான். அவள் முகம் வெளுத்தது. ஓடிப்போய்ப் பெட்டிக்குள் பார்த்தாள், திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏண்ணே?"

"எம் பிள்ளை சிப்பை நீ எடுத்துட்டேன்னு நெனச்சேன்."

அவன் உதட்டை அவள் முழுசாகப் படித்து முடித்தாள். "பாப்பா சிப் செத்துக்கிட்டு இருந்துச்சு. இன்னும் ஒரு மாசம் தாங்கியிருக்காது. பேச்சுப் படிக்கிற வயசு. இப்பக் கேக்காமப் போனா அம்புட்டும் வீணாப் போகும். எனக்கென்ன, படிச்சு முடிச்சாச்சு, வாயைப் பாத்தே புரிஞ்சுக்குவேன். இங்க உள்ள இருந்தா எல்லாருமே என்னை மாதிரிதான."

"அதை எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல தாயி!"

"சொன்னா வாங்கிருப்பீகளா? எங்கிருந்து, எதுக்கு, என்ன உள்நோக்கம்னு நூறு கேள்வி கேட்டிருப்பீக. அதுக்குள்ள அந்தச் சிப் செத்திருக்கும்." அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "ரோட்டுல போறவுக பேச்சு, பாட்டு, மழை, எல்லாத்தையும் விட்டுட்டேன். மெஷின் ஓடுதே, பாப்பாவுக்குக் கேக்குதேன்னு இருந்தேன். அதுல ஒன்னைக் கெடுத்துட்டீக."

அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

சேதி கேட்டு மேனேஜர் வில்பிரட் ஓடி வந்தார். நல்ல மனுசர், ஆனால் எண்ணாயிரம் பேருக்குப் பதில் சொல்ல வேண்டியவர். தொட்டியில் நாளை மதியம் வரைக்கும்தான் தண்ணீர். காய்ச்சல் சீசன் வேறு. ஆஸ்பத்திரியில் படுக்கை முழுக்கப் பிள்ளைகள். அவர் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்தார், சேவுகனைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

"சேவுகா, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உன் மகள் கருவியில..."

இதற்குத்தான் சேவுகன் இத்தனை நாளாகப் பயந்தான். எவளோ வந்து பறிப்பாள் என்று கதவை நாலு தரம் இழுத்துப் பார்த்தான். கடைசியில் இந்த நிலைமையைக் கொண்டுவந்தவன் அவனேதான். காக்காவுக்குச் சோறு வைக்கிற பிள்ளை கண்ணுக்குள் வந்து நின்றது.

"நான் செஞ்ச பாவம். நானே போய்க் கழட்டிட்டு வர்றேன்" என்று எழுந்தான்.

"உக்காருங்கண்ணே" என்றாள் இருளாயி. ரெண்டு பேர் வாயையும் அவள் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அது என் காது. யாருக்குக் குடுக்கணும்னு நான் முடிவு பண்ணிக் குடுத்தாச்சு. அதை எடுக்க உங்களுக்கும் உரிமை இல்ல, சாருக்கும் உரிமை இல்ல. இன்னைக்கு இந்தப் பிள்ளைகிட்ட வாங்கினா, ஆறு மாசம் கழிச்சுப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகிட்ட வாங்கச் சொல்லுவீக. அப்பறம் தேர்க் கூட்டத்துல பறிக்கிறவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?"

"அப்ப மெஷினை எப்படிம்மா ஓட்டுறது?" வில்பிரட் கையை விரித்தார்.

"பம்ப்பைப் போடுங்க" என்றாள்.

நாலு குழாய்களும் ஒன்றுசேர்கிற இடத்துக்குப் போனாள். வழக்கமாக அவள் நிற்கிற அதே இடம். தரையில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து, ரெண்டு உள்ளங்கையையும் குழாயில் பதித்தாள். "கேக்கிறவுகளுக்கு இது தெரியாது. எனக்கு நாலு வயசு வரைக்கும் இதான் காது. கை வழியா எல்லாம் வரும். நான் விரலைக் காட்டுவேன், நீங்க வால்வைத் திருகணும். எம் மேல இருந்து கண்ணை எடுக்கக்கூடாது. உங்களுக்குத்தான் அது நல்லாப் பழக்கமாச்சே."

சேவுகன் தலை குனிந்தான்.

பம்ப்கள் முழங்கத் தொடங்கின. சேவுகன் வால்வுகளுக்கு முன்னால் நின்றான். கால் மணி, அரை மணி. ஒன்றுமில்லை. திடீரென்று அவள் வலது கையை உயர்த்தி மூன்று விரலைக் காட்டிக் கையைக் கவிழ்த்தாள். மூன்றாவதா? அழுத்தமானியில் ஒரு மாற்றமும் இல்லையே. நிசமாகத்தான் சொல்கிறாளா? பழைய குணம், ஒரு நொடி அவன் கை தயங்கியது. அதற்குள் உப்பு காட்டுகிற முள் துடித்து மேலே ஏறத் தொடங்கியது. ஓடிப்போய்த் திருகினான். முள் நின்று, மெதுவாகக் கீழே இறங்கியது. அவள் அவனைப் பார்த்து முறைத்தாள். அதற்குப் பிறகு அவன் தயங்கவே இல்லை.

சாயங்காலம் வரைக்கும் பதினேழு தரம் விரல் காட்டினாள். தொட்டியில் நல்ல தண்ணீர் ஏறியது. ஜபருல்லா சோற்றை உருட்டி அவள் வாயில் ஊட்டினான், கையை எடுக்க அவளால் முடியவில்லை. அவள் தோள் இறுகிப்போயிருந்தது. உள்ளங்கை சிவந்து கொப்பளித்திருந்தது. நடுவில் ஒருதரம் சேவுகனும் குழாயில் கை வைத்துப் பார்த்தான். அதிர்வு தெரிந்தது, அவ்வளவுதான். அதில் எது சேதி, எது கூச்சல் என்று அவனுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ஊரில் வேறு யாருக்கும் தெரியவில்லை.

ஆறு மணிக்குப் பம்ப்புக்குக் கொஞ்சம் ஓய்வு விட்டார்கள். ஜபருல்லா பச்சை ரிஜிஸ்டரைக் கொண்டுவந்து வைத்தான். விதி விதிதான், பாகம் மாறியிருக்கிறது, எழுத வேண்டும். இருளாயியால் பேனா பிடிக்க முடியவில்லை. சேவுகன் எழுதினான். என்ன பாகம்: காது. தேதி போட்டான். எங்கிருந்து வந்தது: இருளாயி, 34, இரண்டு கையும்.

நாலாவது கட்டத்தில் பேனா நின்றது. பாகம் மாறும்போதெல்லாம் இந்தக் கேள்வியை அவன் அவளிடம் கேட்டிருக்கிறான், எல்லாம் முதுகுக்குப் பின்னால் நின்று. எழுந்து போய் அவள் எதிரில் குந்தி உட்கார்ந்து, வாயை நன்றாகத் திறந்து கேட்டான்.

"எத்தனை நாள் தாங்கும்?"

அவள் கொப்பளித்த கையை ஊதிக்கொண்டே அவன் வாயைப் பார்த்தாள். பிறகு அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

"நேரத்துக்குச் சோறும், ராத்திரிக்குத் தூக்கமும் குடுத்தாத் தாங்கும்னு எழுதுங்கண்ணே. இதுவரைக்கும் எந்தப் பாகத்துக்கும் நீங்க குடுத்ததில்ல."

சேவுகன் ஒரு வார்த்தை விடாமல் அதை அப்படியே எழுதினான்.